தொடுமுன் கேட்டல்: வன்னி விடுதிகளில் நோயாளர் மாண்பு



நோயாளரின் மாண்பு பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். இந்தத் தலைப்பை எடுத்தால் பேச்சு வழக்கமாக அன்பு, கருணை, புன்சிரிப்பு என்ற பக்கம் போய்விடும். தாதி என்பவள் தாய்க்குச் சமம் என்று சொல்லி முடிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்பு நல்லதுதான். ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்த காலையில் வருகிற அன்பு, தொடர்ந்து இரண்டு இரவுக் கடமை செய்த பிறகு வராமல் போகலாம். சில நோயாளர் மேல் தானாக வரும், சிலர் மேல் எவ்வளவு முயன்றாலும் வராது. நாளம் தேடுவதும், மருந்தின் அளவைக் கணக்கிடுவதும், குழாய் செலுத்துமுன் கை கழுவுவதும் அன்றைய மனநிலையைப் பார்த்துச் செய்யப்படுபவை அல்ல. அவை பயிற்சியால் கைக்கு வந்தவை. நோயாளரின் மாண்பைக் காப்பதும் அந்த வரிசையில் வைக்கப்பட வேண்டிய தொழில்திறன் என்பதைத்தான் நான் இன்று சொல்ல வந்தேன். அதைக் கற்பிக்கலாம். சரியாகச் செய்யப்பட்டதா என்று பார்க்கலாம். செய்யப்படாதபோது ஏன் என்று கேட்கலாம். சர்வதேசத் தாதியர் சபை 1953இல் வெளியிட்டு 2021இல் கடைசியாகத் திருத்திய ஒழுக்கக் கோவையும் நோயாளரின் மாண்பைத் தாதியத்தின் உள்ளேயே வைக்கிறது. தாதியின் நல்ல குணத்திடம் அதை விட்டுவிடவில்லை.

இதை உலகில் எந்த ஊரிலும் சொல்லலாம். முல்லைத்தீவில் சொல்வதற்குத் தனிக் காரணம் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 காலை சுனாமி இந்தக் கரையில் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாலரை வருடத்துக்குள் அடுத்தது, போரின் இறுதிக்கட்டம், வந்தது. 2009 பெப்ரவரி முதல் வாரத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீது திரும்பத் திரும்ப எறிகணைகள் விழுந்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளர் அப்போது அங்கே இருந்தார்கள். அங்கிருந்து வெளியேறியவர்கள் மாத்தளனில் ஒரு பாடசாலையை வைத்தியசாலையாக்கினார்கள். மரங்களுக்குக் கீழே தறப்பாள் விரித்துக் காயக்காரரைக் கிடத்தி, சேலைன் போத்தல்களைக் கிளைகளில் தொங்கவிட்ட படங்களை உலகம் பார்த்தது. பெப்ரவரி 10 முதல் மே 9 வரை சர்வதேச செஞ்சிலுவைக் குழு கடல் வழியாகக் கொண்டுபோன நோயாளரும், காயப்பட்டோரும், கூடப் போன உறவினரும் 13,000 பேருக்கு மேல்.

ஒவ்வொரு ஆண்டும் மே 12 சர்வதேச தாதியர் தினம். 1820இல் புளோரன்ஸ் நைற்றிங்கேல் பிறந்த நாள் அது. 2009 மே 12 காலை, முள்ளிவாய்க்காலில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலையில் எறிகணை விழுந்து ஐம்பது பேரளவில் இறந்ததாக அங்கே கடமையில் நின்ற வைத்தியர்கள் அறிவித்தார்கள். இரண்டும் ஒரே திகதி. கேக் வெட்டி, வாழ்த்துமடல் கொடுத்து முடித்துவிடக்கூடிய நாளாக மே 12 இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது. தாதியர் தினக் கூட்டத்தில் அந்த வைத்தியசாலையின் பெயரையும் சொல்ல வேண்டும். அங்கே கடைசிவரை கட்டுப்போட்டுக்கொண்டிருந்த தாதியரையும் தொண்டர்களையும் நினைக்க வேண்டும். நாங்கள் அவர்களுடைய தொழில் வாரிசுகள்.

அதன் பிறகு வவுனியா, செட்டிகுளம், மெனிக் பாம் முகாம். இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பிக்குள் இருந்தார்கள். குளிக்க மறைவில்லை. மலசலகூடத்துக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை, பதிவுக்கு வரிசை. 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியே வந்தவர்கள் எங்களுடைய கேப்பாப்பிலவு ஆட்கள்.

ஏன் இதையெல்லாம் ஒரு தாதியச் சொற்பொழிவில் சொல்கிறேன்? இந்த மக்களின் உடலை மற்றவர்கள் நிறையத் தொட்டிருக்கிறார்கள். சோதனைச் சாவடியில் தடவினார்கள், முகாம் வாசலில் எண்ணினார்கள், இலக்கம் கொடுத்து நிறுத்தினார்கள். கேட்டுவிட்டுத் தொட்டவர்கள் குறைவு. இன்று மாஞ்சோலையிலோ மல்லாவியிலோ மாங்குளத்திலோ ஒரு தாதி நோயாளரின் உடையை விலக்கக் கை நீட்டும்போது, அந்தக் கைக்கு முன்னால் வேறு பல கைகள் போயிருக்கின்றன. “ஐயா, முதுகைப் பாக்கப்போறன், சட்டையைத் தூக்கட்டோ?” என்று கேட்டு, அவர் தலையாட்டும்வரை பொறுப்பதற்கு ஐந்து வினாடி போதும். அந்த ஐந்து வினாடியில், உங்கள் உடல் உங்களுடையது என்று நாங்கள் அவருக்குச் சொல்லிவிடுகிறோம். மருந்து கொடுப்பதற்கு முன்பே பராமரிப்பு தொடங்கிவிடுகிறது.

அனுமதிப் படிவத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என்னோடு வேலை செய்த ஒரு தாதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா காய்ச்சலோடு வந்திருந்தார். படிவத்தில் கணவர் விபரம் கேட்கும் இடம் வந்தது. முன் கட்டிலில் அன்று காலை வேறொருவர் இதே கேள்வியைக் கேட்ட விதம் எனக்குத் தெரியும்: “புருசன் இருக்கிறாரோ, செத்திட்டாரோ?” நாலு கட்டிலுக்குக் கேட்கும் குரல். இந்த அம்மாவிடமும் கேள்வி தொடங்கியது. அவர் இடையில் சொன்னார்: “வட்டுவாகலில நான்தான் பிள்ளை கையைப் பிடிச்சுக் குடுத்தனான்.” அவ்வளவுதான். போரின் முடிவில் பலர் இராணுவத்திடம் சரணடைந்த இடம் வட்டுவாகல். கணவர் இருக்கிறார் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தாதி பேனாவைக் கீழே வைத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வாங்கை இழுத்து இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அம்மா, உங்களுக்கு ஏதும் அவசரமெண்டா நாங்கள் ஆருக்கு அறிவிக்க வேணும்?” அந்த அம்மாவின் முகம் மாறியது. “கடைசி மகள் கைவேலியில இருக்கிறாள். அவளின்ர நம்பர் தாறன்.”

அந்தத் தாதி செய்ததை வெறும் இரக்கம் என்று சொன்னால் அவருடைய திறமையைக் குறைத்துச் சொன்னதாகும். வைத்தியசாலைக்கு உண்மையில் என்ன தகவல் தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவசரத்தில் யாரை அழைப்பது என்பதே தேவை. கணவர் உயிரோடிருக்கிறாரா என்பது அந்தக் காய்ச்சலுக்குத் தேவையற்ற கேள்வி. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியிலும், முல்லைத்தீவில் அடுத்த மாதமும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். மரணச் சான்றிதழ் வேண்டாம், என் பிள்ளை எங்கே என்று பதில் சொல் என்று கேட்டுக்கொண்டு தெருவோரத்தில் இருந்த தாய்மார் இப்போது நீரிழிவோடும் இரத்த அழுத்தத்தோடும் எங்கள் கிளினிக்குகளுக்கு வருகிறார்கள். அரசிடம் அவர்கள் ஒப்புக்கொள்ள மறுத்த ஒன்றை, விடுதி வாசலில் ஒரு படிவம் அவர்களின் வாயிலிருந்து பிடுங்கக் கூடாது. இந்தக் கேள்வியின் வாசகத்தை மாற்றுவதற்குப் பணம் செலவாகாது. ஒரு விடுதிப் பொறுப்புத் தாதி நினைத்தால் நாளைக்கே தன் விடுதியில் மாற்றலாம்.

இதே போன்ற இன்னொரு கேள்வி, “இது எங்க பட்ட காயம்?” என்பது. வன்னியில் ஏராளமானோரின் உடம்பில் இன்னமும் பீஸ், அதாவது எறிகணைத் துண்டு, கிடக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருந்தால் உடம்பில் உலோகத் துண்டு இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். அது மருத்துவக் கேள்வி. எந்த இடத்தில், எந்த ஆண்டில், எந்தப் பக்கத்தில் நின்றபோது பட்டது என்பது மருத்துவக் கேள்வி இல்லை. போர் முடிந்த பின் இந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலால் பலரின் வாழ்க்கை திசைமாறியது. சாதாரண ஆர்வத்தில் கேட்டேன் என்று ஒரு தாதி சொல்லலாம். கேட்கப்பட்டவருக்கு அது சாதாரணமாக இருக்காது. அன்று ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்கள் இன்று பிள்ளைப்பேற்றுக்கு வருகிறார்கள். பிரசவ அறையில் வயிற்றில் ஒரு பழைய தழும்பைக் கண்டால், சத்திரசிகிச்சைக்குத் தேவையானதை மட்டும் தனியாகக் கேட்டு, நோயாளரின் ரிக்கற்றில் தேவையான அளவு எழுதி, அதோடு நிறுத்துவதுதான் தொழில். சாப்பாட்டு நேரத்தில் அதைப் பற்றிக் கதைத்தால் அது தொழில் மீறல். சின்ன ஊர் இது. காலையில் விடுதியில் சொன்ன கதை மத்தியானம் சந்தைக்குப் போய்விடும்.

இனி, இந்தப் பேச்சில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடத்துக்கு வருகிறேன். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களின் பராமரிப்பு.

இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒருவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை திருப்பிக் கிடத்த வேண்டும் என்பது எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. தவறினால் இடுப்பு எலும்பின் மேலும், குதிக்காலிலும், பிட்டத்திலும் தோல் சிவக்கும், பிறகு கருக்கும், பிறகு எலும்புவரை குழிவிழும். அவருக்கு நோவு தெரியாததால் அவர் சொல்ல மாட்டார். விரிப்பில் இருக்கும் ஒரு மடிப்பு, மறந்துபோன ஓர் ஊசிமூடி கூடப் புண்ணைத் தொடக்கிவிடும். இது தாதியரின் பகுதி. படுக்கைப்புண்ணை வைத்தியர் வெட்டலாம், ஒட்டலாம். வராமல் தடுப்பது தாதியின் கை.

இதில் மாண்பு எங்கே வருகிறது? சிறுநீர்க் குழாயும் மலம் கழிக்க வைப்பதும் வருகிற இடத்தில். குடலின் கட்டுப்பாடு போனவருக்குக் கையுறை போட்ட விரலால் மலத்தை எடுத்துவிட வேண்டிய தேவை வரும். வளர்ந்த ஒரு மனிதருக்கு, பிள்ளைகளின் தகப்பனுக்கு, ஒரு காலத்தில் நந்திக்கடலில் வலை வீசியவருக்கு இதைச் செய்கிறோம். இதை எந்த நேரத்தில் செய்கிறோம், திரை இருக்கிறதா, முகத்துக்கு நேரே நின்று கதைக்கிறோமா, முதுகுக்குப் பின்னால் நின்று அற்றெண்டனோடு வேறு கதை கதைக்கிறோமா, இவை ஒவ்வொன்றும் அந்த மனிதர் அடுத்த நாள் சாப்பிடுவாரா என்பதைத் தீர்மானிக்கின்றன. நான் மிகைப்படுத்தவில்லை. மலம் போகும் என்ற வெட்கத்தில் சாப்பாட்டையும் தண்ணீரையும் தாங்களாகவே குறைத்துக்கொண்டவர்களை நான் கண்டிருக்கிறேன். தண்ணீர் குறைந்தால் குழாயில் கிருமித்தொற்று, சாப்பாடு குறைந்தால் புண் ஆறாது. வெட்கத்தில் தொடங்குவது தொற்றில் போய் முடிகிறது.

ஒருவர் தன் விடுதித் தாதியிடம் ஒரேயொரு வேண்டுகோள் வைத்தார். “மிஸ்ஸி, பாக்க வாற நேரத்துக்கு முன்னம் முடிச்சு விடுங்கோ. மகள் வருவாள்.” அந்தப் பிள்ளைக்கு அப்போது பதினைந்து வயது. விடுதியின் அட்டவணைப்படி அந்த வேலை பின்னேரம்தான் வரும். தாதி அட்டவணையைப் பார்த்தார், அதைக் காலைக்கு மாற்றி, ஏன் மாற்றினோம் என்று ரிக்கற்றிலும் ஒரு வரி எழுதினார், அடுத்த முறைக்கு வருபவரும் அதையே செய்யும்படி. அந்த எழுதிய வரிதான் என் கண்ணில் பெரியது. வாயால் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அது அவருடைய தனிப்பட்ட நல்ல மனமாக அவரோடு வீட்டுக்குப் போயிருக்கும். எழுதியதால் அது விடுதியின் கடமையானது.

முறைக்கடமை மாறும்போது கையளிப்பு எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள். “ஏழாம் கட்டில் பாரிசவாதம், ஒன்பதாம் கட்டில் நீரிழிவுக் கால், பதினொன்று நாளைக்குத் தியேட்டர்.” கட்டில்கள் நோயாகின்றன. இப்படிச் சொல்வது விரைவாக இருக்கிறது என்பார்கள். பாதுகாப்பாக இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2007இல் நோயாளர் பாதுகாப்புப் பற்றி வெளியிட்ட வழிகாட்டலில், ஒருவரை அடையாளம் காணக் குறைந்தது இரண்டு அடையாளங்கள் வேண்டும், அவற்றில் அறை இலக்கம் ஒன்றாக இருக்கக் கூடாது என்று இருக்கிறது. இரவில் கட்டில் மாற்றினால் மருந்தும் மாறிப்போகும் என்பதே காரணம். பெயர் சொல்லி அழைப்பதைப் பண்பாடு என்று மட்டும் நினைத்திருந்தோம், அது பிழையான இரத்தம் ஏற்றுவதைத் தடுக்கும் காவலுமாகும்.

அழைப்பது பற்றிப் பேசும்போது மொழியை விட்டுவிட முடியாது. எங்களுடைய வைத்தியசாலைகளில் தென்பகுதியிலிருந்து வந்த சிங்களச் சகோதரிகள் பலர் கடமை செய்கிறார்கள். வீட்டையும் சின்னப் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, பேருந்தில் இரவு முழுக்க இருந்து வந்து இறங்குபவர்கள். அவர்கள் முதலில் படிக்கும் தமிழ் என்ன? “வா, இரு, திரும்பு, வாயைத் திற.” எழுபது வயது அப்புவை ஒரு இளம்பெண் “வா” என்று கூப்பிடும்போது அவர் குறுகிப்போகிறார். ஆனால் அந்தத் தமிழை அந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தது நாங்கள். அவசரத்தில் கட்டளை வடிவத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தோம். “வாங்கோ அப்பு, இருங்கோ ஆச்சி, நோகுதோ, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ” என்று சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு பின்னேரம் போதும். சொல்லிக்கொடுத்த இடங்களில் அவர்கள் எங்களை விட அழகாகப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். அதே நேரம், தமிழ்த் தாதியராகிய நாங்களும் சாரம் கட்டி வருபவரை “நீ” என்றும், நீளக் காற்சட்டை போட்டு வருபவரை “சேர்” என்றும் அழைக்கிறோமா என்று எங்களைக் கேட்க வேண்டும். மொழி தெரிந்தவர்கள் செய்யும் அவமதிப்பு இன்னும் ஆழமாகப் படும்.

கட்டிலைச் சுற்றி நின்று, கிடப்பவருக்கு விளங்காத மொழியில் அவருடைய நோயைப் பேசுவதும் இதில் சேரும். நைற்றிங்கேல் 1859இல் எழுதிய தாதியக் குறிப்புகளில் சத்தம் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. நோயாளரின் அறைக்குள் அவர் காதில் அரைகுறையாக விழும்படி கிசுகிசுப்பதைக் கொடுமை என்றே அவர் கணித்தார். விளங்காத பேச்சைக் கேட்டுக்கொண்டு கிடக்கும் மூளை ஓய்வதில்லை. வைத்தியர் விடுதிச் சுற்று முடிந்து போனதும் அந்தக் கட்டிலுக்குத் திரும்பிவந்து, “டொக்டர் சொன்னது இதுதான் அம்மா” என்று தமிழில் சொல்ல வேண்டியது தாதியின் வேலை. எங்கள் மண்ணில் இதற்குப் பழைய முன்மாதிரி உண்டு. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். தமிழர் தங்கள் உடலைத் தங்கள் மொழியில் அறிய வேண்டும் என்று அவர் நினைத்தது அந்தக் காலத்திலேயே. அதற்குப் பிறகு 1898இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியோட் வைத்தியசாலை வந்தது. ஆண் வைத்தியர் முன் உடலைக் காட்டக் கூசிய பெண்களுக்காகப் பெண்கள் நடத்திய இடம். அந்தக் கூச்சத்தை அறியாமை என்று ஒதுக்காமல், அதற்கேற்ப ஒரு வைத்தியசாலையையே கட்டினார்கள்.

எங்கள் ஊர் மக்களிடமே உள்ள ஒரு முறையையும் சொல்கிறேன். வற்றாப்பளை அம்மன் வீற்றிருக்கும் ஊர் இது. வீட்டில் ஒருவருக்கு அம்மாள் வருத்தம், அதாவது அம்மை, வந்தால் வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். அந்த வீட்டில் உரத்துப் பேச மாட்டார்கள், ஏச மாட்டார்கள். படுத்திருப்பவர் நல்ல பிள்ளையா, குடித்துவிட்டுச் சண்டை பிடிக்கும் பிள்ளையா என்று பார்ப்பதில்லை. வந்திருப்பது அம்மாள். ஆகவே எல்லோருக்கும் ஒரே மரியாதை. தகுதி பார்க்காத அந்த மரியாதையை ஊர் முழுக்க ஒரு பழக்கமாக வைத்திருந்தது. உணர்ச்சி வராத நாளிலும் முறை நின்றது. விடுதிக்குத் தேவைப்படுவது இப்படியொரு பழக்கம்தான். குடிபோதையில் விழுந்து தலையுடைந்து வருபவருக்கும், நஞ்சு குடித்துவிட்டு வரும் இளம்பிள்ளைக்கும் எங்கள் வாய் அதிகம் நீளுகிறது. “ஏன் குடிச்சனி, சாகிறதெண்டா வீட்டில கிடந்து சாகலாமே” என்ற வார்த்தையைக் கேட்டுக்கொண்டு வயிறு கழுவப்பட்ட பிள்ளை, அடுத்த முறை வைத்தியசாலைக்கு வராமலே விட்டுவிடும்.

பிரசவ அறை பற்றி அதிகம் விரிக்கப் போவதில்லை, ஆனால் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். இலங்கையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் வைத்தியசாலையில் நடக்கின்றன. எங்கள் நாடு பெருமைப்பட வேண்டிய எண்ணிக்கை. அதன் மறுபக்கம், பிரசவ அறையில் ஒரு கெட்ட வழக்கம் இருந்தால் அது நாட்டின் ஏறத்தாழ எல்லாத் தாய்மாரையும் தொடும். 2014இல் உலக சுகாதார நிறுவனம் பிரசவத்தின்போது நடக்கும் அவமதிப்பையும் துன்புறுத்தலையும் தடுக்கும்படி தனி அறிக்கையே விட்டது. தாய் விரும்பும் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதும் அந்த நிறுவனத்தின் பரிந்துரை. அம்மாவோ மாமியோ தங்கச்சியோ கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அறையில் யாரும் இலகுவில் கை ஓங்க மாட்டார்கள்.

இலவச மருத்துவம் என்பதால் சனம் ஏச்சையும் பொறுத்துக்கொள்கிறது. ஐயன்கன்குளத்திலிருந்து விடியப்புறம் பஸ் எடுத்து வந்து, கிளினிக் கொப்பியை அடுக்கில் வைத்துவிட்டுப் பத்து மணிவரை காத்திருக்கும் ஒருவர், பெயரைக் கூப்பிட்டபோது காதில் விழவில்லை என்பதற்காக ஏச்சு வாங்குகிறார். தனக்குத் தருமம் தருகிறார்கள், தருமத்தில் குறை சொல்லக்கூடாது என்று அவர் நினைக்கிறார். அவர் வாங்கும் சீனியிலும் வரி இருக்கிறது. என் சம்பளத்தில் அவருடைய காசு இருந்தது.

இதெல்லாம் ஏழை நாட்டுப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் ஸ்டாபோர்ட் வைத்தியசாலையில் 2005 முதல் 2009 வரை நடந்தவற்றைப் பற்றி ரொபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான விசாரணை 2013இல் அறிக்கை வெளியிட்டது. அழுக்கான படுக்கையில் மணிக்கணக்காக விடப்பட்டவர்கள், தண்ணீர் எட்டாத தூரத்தில் வைக்கப்பட்டவர்கள், மலசலகூடத்துக்குக் கூட்டிப்போக ஆளில்லாதவர்கள். காசையும் இலக்குகளையும் பார்த்த நிர்வாகம், தாதியர் தொகையைக் குறைத்தது. குணம் கெட்டவர்கள் எல்லாம் ஒரே வைத்தியசாலையில் வந்து சேர்ந்ததாக யாரும் சொல்ல முடியாது. ஆள் குறைந்த இடத்தில் முதலில் விழுவது மாண்பு. ஊசி தவறினால் கணக்கில் தெரியும். திரை இழுக்காமல் விட்டது எந்தக் கணக்கிலும் தெரியாது.

அதே 2013இல், அதே நாட்டில், கேற் கிரேஞ்சர் என்ற வைத்தியர் புற்றுநோயாளியாக வைத்தியசாலையில் கிடந்தார். வந்து பார்த்தவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டே நோயாளரைத் தொட வேண்டும் என்று அவர் தொடங்கிய இயக்கம், 2016இல் அவர் இறந்த பின்னும் நடக்கிறது. கனடாவில் ஹாவி சொச்சினோவ் என்ற உளமருத்துவர் சாகும் தறுவாயில் இருப்போரின் மாண்பை ஆராய்ந்தார். நோயாளரிடம் அவர் கேட்கச் சொல்லும் கேள்வி எளிமையானது: உங்களை நல்லபடி பராமரிக்க, ஒரு மனிதராக உங்களைப் பற்றி நாங்கள் என்ன தெரிந்திருக்க வேண்டும்? வன்னியில் இந்தக் கேள்வியைக் கேட்டால் வரும் பதில்களைக் கற்பனை செய்து பாருங்கள். “நான் பங்கருக்குள்ள இருந்தனான், இருட்டில கதவைச் சாத்தாதேங்கோ.” “பெரிய சத்தம் கேட்டா எனக்கு நடுங்கும்.” “வலது பக்கம் காது கேக்காது, இடது பக்கம் வந்து கதையுங்கோ.” இவை மூன்றும் தாதியக் குறிப்புகள். இரத்த அழுத்த அட்டவணைக்குப் பக்கத்தில் எழுத வேண்டியவை.

தாதியரின் நிலையைச் சொல்லாமல் இவ்வளவும் கேட்பது நியாயமில்லை. இரவில் ஒரு பெரிய விடுதிக்கு இரண்டு பேர் நின்றால், ஐந்து வினாடி கேட்டுத் தொடுவதற்கும் நேரம் இல்லாததுபோல் தோன்றும். 2022 நெருக்கடிக்குப் பிறகு அனுபவமுள்ள தாதியர் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். போனவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். நிற்பவர்களுக்கு ஓய்வறையும், பாதுகாப்பான தங்குமிட வசதியும், உரிய நேரத்தில் மேலதிகக் கொடுப்பனவும் கிடைக்க வேண்டும். நோயாளரின் உறவினர் முன் வைத்துத் தாதியை ஏசும் மேலதிகாரி, அன்று மாலை அந்தத் தாதி நோயாளரை ஏசுவதற்கும் பொறுப்பாளி. இந்தப் போரில் தன் வீட்டாரையும் இழந்துவிட்டு, அடுத்தவரின் காயத்துக்குக் கட்டுப்போடும் தாதியர் எங்கள் நடுவே இருக்கிறார்கள். அவர்களின் காயத்தைப் பற்றி அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

இங்கே இருக்கும் அறக்கட்டளைக் குடும்பத்தினரிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. இந்த ஆண்டு நிதியில் ஒரு பங்கைத் திரைகளுக்குக் கொடுங்கள். சில்லு வைத்த, துவைக்கக்கூடிய, இழுத்தால் கட்டிலை முழுக்க மறைக்கும் திரை. அளவை வைத்தியசாலைக் களஞ்சியத்தில் கேட்காமல், விடுதியில் கிடப்பவர்களிடம் கேட்டு எடுங்கள். அரைகுறைத் திரையின் எந்தப் பக்கத்தால் வெளியே தெரிகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

மற்றது பயிற்சி பற்றியது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே சேர்ந்து நடத்தும் உயிரிழை அமைப்பு எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. தாதியர் மாணவருக்குப் படுக்கைப்புண்ணையும் குழாய்ப் பராமரிப்பையும் கற்பிக்கும் வகுப்புக்கு அவர்களில் ஒருவரை அழையுங்கள். எந்தக் கை எப்படித் தொட்டது, எந்த வார்த்தை பல வருடமாகியும் மறக்கவில்லை, திருப்பிக் கிடத்தும்போது எங்கே பிடித்தால் நல்லது, எங்கே பிடித்தால் பயம் வருகிறது என்று அவர் தன் வாயால் சொல்லட்டும். மாணவர் குறிப்பெடுக்கட்டும், பரீட்சையிலும் அதிலிருந்து ஒரு வினா வரட்டும். அழைக்கப்படுபவர் மாணவருக்கு முன்னால் காட்சிப்பொருளாகக் கொண்டுவரப்படுபவராக இருக்கக் கூடாது. நேர அட்டவணையில் அவருடைய பெயர் விரிவுரையாளர் என்று போடப்பட வேண்டும். சக்கர நாற்காலி ஏறக்கூடிய வாகனம் வீட்டு வாசலுக்கு அனுப்பப்பட வேண்டும். மற்ற விரிவுரையாளருக்குக் கொடுக்கும் அதே கொடுப்பனவு, அதே நாளில், அவர் கையிலும் கொடுக்கப்பட வேண்டும்.